மிச்சம் ஐம்பத்தாறு வருஷம்

என் ஓரகத்தி வீடு வாங்கப் போகிறாள் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ரொம்ப சந்தோஷம்டி" என்று வாய் சொன்னது. வாய்க்கென்ன, அது சொல்லத்தான் செய்யும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. இன்னும் வாடகை வீடுதான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார். கேட்டால், "ஓசில உடற்பயிற்சி" என்பார். அவருக்கு ரோஷம் என்பது அவர் அம்மா வயிற்றிலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

சின்னவள் வந்து ஆறே வருஷம். அவளையும் என் கொழுந்தனையும் விமான நிலையத்தில் இருந்து கூட்டி வந்தது நான். எட்டு மாசம் எங்கள் கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். பஸ்ஸில் எந்தக் கதவு ஏற, எந்தக் கதவு இறங்க என்று சொல்லிக்கொடுத்தது நான். பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, உறையில் போடும் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நானேதான். இப்போது நேற்று வந்தவள் வீட்டுக்காரி ஆகப் போகிறாள், ஏணி அங்கேயே நிற்கிறது.

போதாக்குறைக்கு மாமியார் போன். "சின்னவ வீடு வாங்கறாளாமே! நீ எப்போ?" என்றார். கடல் தாண்டி வந்தாலும் அந்தக் குரல் மட்டும் பக்கத்து அறையில் இருந்து வருகிற மாதிரியே இருக்கும். "பார்க்கலாம் அத்தை" என்றேன். "பதினாலு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்க" என்றார். நான் போனை வைத்துவிட்டு, ஒன்றுமே செய்யாத ஒரு பாத்திரத்தை அரை மணி நேரம் தேய்த்தேன்.

இங்கே வீடு வாங்குவது நம் ஊர் மாதிரி இல்லை. மண் உனக்குக் கிடையாது. மண் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீ வாங்குவது வருஷத்தைத்தான். தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. வருஷம் முடிந்தால் வீடு திரும்ப அந்தக் கம்பெனிக்கே போய்விடும். அந்த மாதிரி கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசில்தான் நான் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். குடியிருப்போர் பெயர் மாற்றம், பராமரிப்புப் புகார், நில வாடகை நோட்டீஸ், எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஊரார் வீட்டுக் காகிதத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவள், என் பெயரில் ஒரு காகிதம் கிடையாது.

சின்னவள் பார்த்திருந்த வீடும் எங்கள் ஆபீஸ் பார்த்துக்கொள்கிற கட்டடத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனோம். அவர்கள் பெண் குழந்தையும் வந்தது, ஐந்து வயசு. தரகர் கதவைத் திறந்துவிட்டார். நம்ம பாஷை பேசுகிற ஆள். எதற்கெடுத்தாலும் "சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்பார் என்று கொழுந்தன் அவருக்கு 'சீக்கிரம்' என்றே பெயர் வைத்திருந்தான்.

நான் உள்ளே நுழையும்போதே குறை கண்டுபிடிக்கும் முடிவோடுதான் நுழைந்தேன். சமையலறை சின்னதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு தொட்டி வைத்த மேடை, மேலே கை எட்டும் உயரத்தில் அலமாரி, ஜன்னலைத் திறந்தால் மரம். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக் குழாய். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். சொட்டும், இழுக்கும் என்று எதிர்பார்த்தேன். கொட்டு கொட்டென்று கொட்டியது. எரிச்சலாக வந்தது.

"அக்கா, நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு இருக்கு. அந்த ரூம்ல வெளிச்சம் கம்மி."

"ஸ்க்ரீன் மூடியிருக்குக்கா," என்று அவள் போய் இழுத்துவிட்டாள். வெயில் தரை முழுக்க விழுந்தது.

குழந்தை அந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் இப்போது இருக்கும் வாடகை வீடு தரைக்குக் கீழே பாதி புதைந்தது. சுவரெல்லாம் ஈரம், எவ்வளவு துடைத்தாலும் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் வரும். அந்தக் குழந்தைக்கு இரண்டு வருஷமாக இருமல், இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடிதான் தூங்கும். டாக்டர் மருந்து எழுதும்போதெல்லாம், "முதல்ல வீட்டை மாத்துங்க" என்பாராம். அதற்காகத்தான் சின்னவள் ஆஸ்பத்திரியில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்து சேர்த்து வைத்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்த இரண்டு தொட்டி மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் காகிதக் கட்டோடு சின்னவளும் கொழுந்தனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அது ஒரு பழக்கம். எந்தக் காகிதம் வந்தாலும், பள்ளிக்கூட நோட்டீஸ் ஆகட்டும், கரண்ட் கம்பெனி கடிதம் ஆகட்டும், நான் படித்து "சரி" என்று சொன்னால்தான் கையெழுத்து. வக்கீல் ஒருவரைப் பாருங்கள் என்று தரகரே சொன்னாராம். "வக்கீல் என்ன, எங்க அண்ணியை விட அதிகமா படிச்சிருக்கப் போறாரா?" என்று கொழுந்தன் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். பெருமையாக வேறு சொன்னான்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். குத்தகை ஆரம்பித்த தேதியைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

"மிச்சம் ஐம்பத்தாறு வருஷம்தான் இருக்கு," என்றேன்.

"ஐம்பத்தாறு வருஷம் நிறையத்தானே அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"உனக்கு நிறைய. வீட்டுக்குக் கம்மி. வருஷம் குறையக் குறைய விலை இறங்கும். பதினஞ்சு வருஷம் கழிச்சு நீ விக்கப் போனா, வாங்க வர்றவனுக்கு எந்த வங்கியும் கடன் குடுக்காது. கடைசில உன் பொண்ணு கைல சாவி இருக்கும், வீடு இருக்காது."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் என் சாமர்த்தியம். சொல்லாத ஒன்றும் இருந்தது.

மண்ணுக்குச் சொந்தக்காரக் கம்பெனி அந்த மாசம்தான் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. அந்தக் கட்டடத்தில் இருக்கும் அறுபத்து நாலு வீட்டுக்கும். இந்த மாசக் கடைசிக்குள் விண்ணப்பம் போட்டால், சின்னக் கட்டணத்துக்குக் குத்தகையை மறுபடியும் தொண்ணூற்றொன்பது வருஷமாக நீட்டித் தருவார்கள். தேதி தாண்டினால் பழையபடி யானை விலை. வீட்டை விற்கிறவர் ஒரு கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்தால் போதும், வாங்குகிறவருக்கு அப்படியே வந்துவிடும். அறுபத்து நாலு கடிதத்தையும் மடித்து, உறையில் போட்டு, விலாசம் ஒட்டியது இதே கைதான்.

"ஏதாவது வழி இருக்குமாக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கூடவே அந்த ஜன்னலும், மரமும், மாமியாரின் குரலும் வந்தன.

"இருந்தா சொல்ல மாட்டேனா?" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. நம்புகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் சுலபமாக மறைந்துவிடும். சின்னவள் காகிதங்களைத் திரும்ப உறையில் போட்டாள். "நல்லவேளை அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா மாட்டியிருப்போம்," என்றாள். என் வீட்டுக்காரர், "பரவாயில்ல விடும்மா, வேற பார்க்கலாம்," என்றார். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் மாமியார் போன் பண்ணினார். திட்டத்தான் போகிறார் என்று எடுத்தால், "நீ இருக்கப் போய் அதுங்க தப்பிச்சுதுங்க. இந்தக் குடும்பத்துக்குப் புத்தின்னு ஒண்ணு இருந்தா அது உங்கிட்டதான் இருக்கு," என்கிறார். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். அதை வாங்கி எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீசில் தினமும் அந்தக் கட்டடத்திலிருந்து விண்ணப்பங்கள் வந்துகொண்டு இருந்தன. ஒவ்வொன்றாக முத்திரை குத்தி, பட்டியலில் ஏற்றினேன். பத்து, இருபது, நாற்பத்தொன்று. சின்னவள் பார்த்த வீட்டின் எண் மட்டும் வரவில்லை. விற்றுவிட்டுப் போகிறவர் தன் கைக்காசைப் போட்டு எதற்கு நீட்டப் போகிறார்? வாங்குகிறவர்கள் கேட்டால் கையெழுத்துப் போடுவார். வாங்குகிறவர்களுக்கு விஷயமே தெரியாது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று திங்கட்கிழமை நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதையேதான் நினைத்தேன். எதிராளிக்கு இரண்டு கண்ணும் போக வேண்டும் என்று தன் ஒரு கண்ணைக் கொடுத்தவனைப் பற்றிச் சொல்வார்களே, அவனாவது ஒரு கண்ணை இழந்தான். எனக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, அதுதான் இன்னும் கேவலம்.

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், சின்னவள் குழந்தையோடு வந்து நிற்கிறாள். முகம் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, இன்னிக்கு அந்த சீக்கிரத்தை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வந்துட்டேன்!" என்றாள்.

"எதுக்குடி?"

"போன் மேல போன். குத்தகையை நீட்டித் தர்றாங்களாம், கம்பெனி கடிதம் போட்டிருக்காம், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுத்தா தொண்ணூத்தொம்பது வருஷமாம். காது குத்தறான் எனக்கு! வேணாம்னு எழுதிக் குடுக்கத்தான் போனேன். அங்க வெச்சும் அதையே சொல்றான். வந்த கோபத்துல அவன் ஆபீஸ்ல பத்துப் பேர் முன்னாடி கேட்டுட்டேன். எங்க அக்கா யாருன்னு நெனச்ச? அந்தக் கட்டடத்தோட ஆபீஸ்ல அந்த மேசைலயே உக்காந்திருக்காங்க. அப்படி ஒரு கடிதம் இருந்தா எங்க அக்கா எங்கிட்ட சொல்லாம இருப்பாங்களா? வீடு விக்கறதுக்காக இப்படி வாய் கூசாம பொய் சொல்றியே, நீயெல்லாம் பிள்ளை குட்டி பெத்தவனான்னு கேட்டேன்."

கழற்றிய செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வான்? முழிச்சான். கடைசில, 'சந்தேகமா இருந்தா உங்க அக்காவையே கேளுங்கம்மா'ன்னான். கேக்கணுமாம்! உங்களைப் போய் சந்தேகப்பட்டுக் கேக்கணுமாம். போடான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜெயித்துவிட்டு வந்தவள் முகம். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. இரண்டு தோளும் தூக்கித் தூக்கிப் போட்டது. சின்னவள் பையில் இருந்து மருந்துக் குப்பியை எடுத்து அதன் வாயில் வைத்து அழுத்தினாள். "இழு, இழு, அவ்வளவுதான்," என்று முதுகைத் தடவினாள். என் வீட்டுக்காரர் வெந்நீர் கொண்டு வர உள்ளே ஓடினார்.

"எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"எங்க குடுக்க விட்டான்? நாளைக்குக் காலைல போய் மூஞ்சில எறிஞ்சுட்டு வர்றேன்."

"எறியாதே," என்றேன். "அவர் பொய் சொல்லலை."

அவளுக்குப் புரியவில்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கடிதம் இருக்கு. இருபது நாள் முன்னாடி வந்தது. நான்தான் உறைல போட்டேன். நீங்க காகிதம் கொண்டு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

உள்ளே இருந்து வெந்நீரோடு வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். சின்னவள் என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குரல் உயரவே இல்லை.

"ஏன்க்கா?"

ஆபீஸ் ரகசியம், மறந்துவிட்டேன், உன் நல்லதுக்குத்தான், இப்படி மூன்று பொய்யாவது தயாராக இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"பொறாமைடி. வேற என்ன. நேத்து வந்த நீ வீடு வாங்கறே, நான் இங்கயே கிடக்கறேன். தாங்கலை."

"என் மேலயா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். "ஊர்ல ஒரு நகை மிச்சம் இல்லாம வித்துட்டு வந்தேன். இந்தப் பிள்ளை ஒரு நாள் கால் நீட்டிப் படுத்ததில்லை. பாஷை தெரியாது, உங்களை விட்டா நாதி கிடையாது. எங்கிட்ட என்னக்கா இருக்கு, பொறாமைப்பட?"

இரண்டு தொட்டி வைத்த மேடை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அவள் குழந்தைக்குச் செருப்பை மாட்டினாள். என் வீட்டுக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் கொண்டு போய் விடறேன் வாம்மா," என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் அவரே இறங்கினார். திரும்பி வந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாத்திரத்தைக் கூடத் தட்டவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தி, ஒரு மாதிரி சரியாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்குத் தரகர் எங்கள் ஆபீசுக்கு ஓடி வந்தார். கையில் விற்பவரின் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். மூச்சு வாங்க மேசையில் வைத்தார். நான் நேரம் போட்டு முத்திரை குத்தினேன். அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நீங்கதானா அந்த அக்கா?" என்றார். நான் ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

வீடு கிடைத்துவிட்டது. ஏழு வாரம் கழித்து அவர்கள் குடிபோனார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அவர் போய் அலமாரி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கொழுந்தன் பேசினானாம், சின்னவள் தேநீர் கொடுத்தாளாம். "பிள்ளை படுத்துத் தூங்குது," என்றார். மூன்று தடவை சின்னவளுக்குப் போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் அவர்களுடைய பெயர் மாற்றப் படிவம் என் மேசைக்கு வந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று பார்த்தேன், அந்தக் கட்டடம் என் பொறுப்பு. பிரித்தேன். சின்னவள் கையெழுத்து. இந்த நாட்டு பாஷையின் எழுத்துகளை எழுத அவளுக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்த வளைவெல்லாம் என்னுடையதுதான்.

வீட்டு எண்ணை ஏற்றினேன். குத்தகை தொண்ணூற்றொன்பது வருஷம் என்று ஏற்றினேன். குடியிருப்பவர்கள் மூன்று பேர். அதற்குக் கீழே, தீ, விபத்து என்று ஏதாவது அவசரம் வந்தால் கூப்பிடுவதற்கு, இந்த நாட்டில் உள்ள உறவினர் பெயரும் எண்ணும் கேட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில், டாக்டரிடம், அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் அந்தக் கட்டத்தில் என் நம்பர்தான் இருந்தது. குழந்தை மைதானத்தில் விழுந்தபோது முதலில் எனக்குத்தான் போன் வந்தது.

அதில் அவள், "இல்லை" என்று எழுதியிருந்தாள். பேனாவை அழுத்தாமல், நிதானமாக.

பத்து நிமிஷ நடை தூரத்தில் கட்டிய புருஷனின் கூடப்பிறந்த அண்ணன் இருக்கிறார். அவருடைய நம்பரைக்கூட அவள் போடவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் நானும் இருக்கிறேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. என் நம்பர் என் விரலுக்கு மனப்பாடம், முதல் மூன்று எண் விழுந்தும் விட்டது. பக்கத்து மேசைக்காரி, "என்ன, ஏதாவது தப்பா இருக்கா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"இல்ல, சரியாத்தான் இருக்கு," என்றேன். மூன்று எண்ணையும் அழித்துவிட்டு, அவள் எழுதியிருந்தபடியே ஏற்றினேன்.